குரலும் இடமும்: மனச்சிதைவு நோயில் கேட்கும் குரல்கள் பற்றிய பதிவுகளின் வரலாறு

மனச்சிதைவு நோய்க்கு ஆளானோருள் பெரும்பாலோர், அருகில் ஒருவரும் இல்லாதபோது பேச்சுக் குரலைக் கேட்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் உடையோரில் 74 விழுக்காட்டினரிடம் இவ்வனுபவம் காணப்பட்டது. மருத்துவ நூல்கள் இதனை நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக எண்ணும். ஆயினும் இது காய்ச்சல், வீக்கம் போன்ற அறிகுறியன்று. குரலுக்குச் சொல் உண்டு. சொல்லுக்கு மொழி உண்டு. மொழிக்கு இலக்கணம் உண்டு. பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்னும் மூன்று வினாக்களும் அங்கே எழுகின்றன. இவற்றை மருத்துவம் எக்காலத்தில் கேட்டது, எக்காலத்தில் கேளாது விட்டது, அதனால் நேர்ந்தது யாது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

இவ்வனுபவத்தைக் குறிக்கத் தமிழில் 'மாயத்தோற்றம்', 'பிரமை', 'புலன் மயக்கம்', 'மாயக்குரல்' எனப் பல சொற்கள் வழங்குகின்றன. 'தோற்றம்' என்பது கண்ணுக்குரியது. காதுக்குரிய ஒன்றைச் சுட்ட அது பொருந்தாது. 'மாயக்குரல்' என்பது கேட்பவரின் சொல்லன்று, அருகில் நின்று கேளாதவரின் சொல். நோயுற்றவர் தம் அனுபவத்தை மாயம் என்று சொல்வது அரிது. 'காதில் பேசுகிறார்கள்', 'குரல் கேட்கிறது' என்றே அவர் சொல்வார். எனவே இங்கும் 'குரல்' என்னும் பொதுச்சொல்லே ஆளப்படுகிறது.

ரூவான் நகரத்து விசாரணை

குரல் கேட்ட ஒருவரிடம் அக்குரலைப் பற்றி விரிவாக வினவி, விடைகளைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்த பழைய ஆவணங்களுள் தலையாயது மருத்துவ ஆவணமன்று, நீதிமன்ற ஆவணம். பிரான்சின் ரூவான் நகரில் 1431ஆம் ஆண்டு சமய நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க், தம் 13ஆம் அகவை அளவில் தந்தையின் தோட்டத்தில் நண்பகற் பொழுதில் முதன்முதலாகக் குரலைக் கேட்டதாகக் கூறினார். பின்னர் அக்குரல்களைத் தூய மிக்கேல், தூய கத்தரீன், தூய மார்கரெட் ஆகியோருடையனவாக அடையாளம் காட்டினார். குரல் எத்திசையிலிருந்து வந்தது, ஒளியுடன் வந்ததா, எத்தனை முறை வந்தது என்றெல்லாம் நீதிபதிகள் துருவினர். தூய மார்கரெட் ஆங்கிலத்தில் பேசினாரா என்பதும் அவர்கள் கேட்ட வினாக்களுள் ஒன்று. அவர் ஆங்கிலேயர் பக்கம் இல்லாதபோது ஆங்கிலம் எதற்குப் பேசவேண்டும் என்று ஜோன் திருப்பிக் கேட்டார்.

ஜோன் மனச்சிதைவு நோய் உடையவர் என்று இங்கே கூறப்படவில்லை. இறந்து அறுநூறு ஆண்டுகளை நெருங்கும் ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டும் முயற்சிகள் பல நிகழ்ந்துள்ளன. அவற்றால் விளைந்த பயன் சிறிது. இங்குக் கருதத்தக்கன இரண்டு. அந்நீதிமன்றம் கொடியதே, 1431 மே 30இல் அவர் உயிருடன் எரிக்கப்பட்டார். எனினும் பேசுவது யார், எம்மொழியில் என்னும் வினாக்களை அது கேட்டது. மற்றொன்று, ஜோன் பிரெஞ்சில் விடையளித்தார். எழுத்தர் பிரெஞ்சில் குறித்தனர். முறையான ஆவணம் பின்னர் இலத்தீனில் பெயர்த்து எழுதப்பட்டது. கேட்டவரின் மொழி ஒன்று, ஏட்டின் மொழி வேறொன்று என்னும் இந்நிலை பின்வந்த மருத்துவமனைகளிலும் தொடர்ந்தது.

பாரிசில் நிகழ்ந்த மாற்றம்

பாரிசு மருத்துவர் எஸ்கிரோல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வனுபவத்திற்கு இன்றுவரை நிலைக்கும் வரையறையை வகுத்தார். புறத்தே பொருள் ஒன்று இருந்து அதனைத் திரித்து உணர்தல் ஒருவகை. புறத்தே ஏதும் இல்லாமலே புலனுணர்வு தோன்றுதல் மற்றொரு வகை. கயிற்றைப் பாம்பெனக் காண்டல் முன்னதற்குச் சான்று. ஆளில்லா இடத்தில் குரல் கேட்டல் பின்னதற்குச் சான்று. 1838இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இவ்வேறுபாட்டை நிலைநாட்டியது. இதன் பயன் பெரிது. பேயோட்டியிடமும் தண்டனைக் களத்திலும் நின்றிருந்தவர்கள் மருத்துவரிடம் வர வழி பிறந்தது. ஆனால், புறத்தே பேசுபவர் இல்லை என்று முடிவானபின், பேசுபவர் யார் என்று கேட்கும் தேவையும் இல்லாமற் போயிற்று.

இம்முடிவு எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை லெலூ என்னும் மருத்துவர் 1836இல் காட்டினார். சாக்ரடீசுக்கு அவ்வப்போது தடைமொழி கூறிவந்த தெய்வக்குரலும் நோயே என்று அவர் நூல் எழுதினார். மெய்யியலார் சினந்தனர். அறிவு பிறழாமல் குரல் கேட்க இயலுமா என்னும் வாதம் 1855, 1856ஆம் ஆண்டுகளில் பாரிசு மருத்துவ உளவியற் கழகத்தில் நீண்டு நடந்தும் முடிவு எட்டப்படவில்லை. இவ்வாரவாரத்தினிடையே பையார்ஜே என்பவர் 1846இல் நுட்பமான ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளிற் சிலர் தமக்குக் கேட்கும் குரலில் ஒலியே இல்லை என்றனர். எண்ணத்திலிருந்து எண்ணத்திற்கு நேரே பேச்சு நிகழ்வதாகக் கூறினர். ஒலியில்லாக் குரல் என்பது முரண்போலத் தோன்றினும், பேச்சு என்பது ஒலி மட்டுமன்று என்பதனை மொழியியல் மாணவர் அறிவர்.

ஷ்ரேபரின் நூல்

குரல்களின் மொழியைப் பற்றிய மிக விரிவான சான்றினை வழங்கியவர் மருத்துவர் அல்லர்; நோயாளியே ஆவார். ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் உயர்நிலை நீதிபதியாக விளங்கிய டேனியல் பால் ஷ்ரேபர், பல ஆண்டுகள் மனநோய் விடுதிகளில் வைக்கப்பட்டிருந்தார். தம் உரிமைகளை மீட்கத் தாமே வழக்காடி 1902இல் வென்றார். அடுத்த ஆண்டில் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். அவரை ஒருமுறையும் நேரிற் காணாத ஃபிராய்டு, 1911இல் அந்நூலை மட்டும் கொண்டு புகழ்பெற்ற ஆய்வுரை ஒன்றை எழுதினார். ஃபிராய்டின் உரையைப் படித்தோர் பலர். ஷ்ரேபரின் மூலநூலைப் படித்தோர் சிலரே. மொழி ஆராய்ச்சியாளருக்கு மூலநூலே பெருஞ்செல்வம்.

தம்மிடம் பேசிய குரல்கள் 'அடிமொழி' ஒன்றில் பேசின என்கிறார் ஷ்ரேபர். அது சற்றே பழமைவாய்ந்த, வலிமிகு ஜெர்மன். மங்கல வழக்கும் எதிர்மொழி வழக்கும் அதில் நிறைந்திருந்தன. தண்டனையை அது பரிசு என்றது. உணவை நஞ்சு என்றது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தமிழ் இலக்கணம் வகுத்த தகுதி வழக்குகள் அனைத்தும் ஒரு மனிதரின் காதுக்குள் இயங்கியதாக இதனைக் கொள்ளலாம். குரல்கள் தொடர்களைத் தொடங்கி முடிக்காமல் விட்டன. இடைச்சொல்லோ துணைவினையோ மட்டும் வரும். எஞ்சியதை ஷ்ரேபரே நிரப்பவேண்டும். நிரப்பாமல் இருக்க அவரால் இயலவில்லை; அதுவே அவருக்குத் தாளாத வேதனையாயிற்று.

பேசும் பறவைகளைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் வியப்பானது. அவை மனப்பாடம் செய்த தொடர்களைப் பொருள் உணராமல் ஒப்பித்தன. ஆனால் ஒலியொப்புமைக்கு அவை மயங்கின. 'சாண்டியாகோ' என்பதும் 'கார்த்தாகோ' என்பதும் அவற்றுக்கு ஒன்றே. ஒத்த ஒலியுடைய சொல் ஒன்றை இடையே வீசினால் பறவை தடுமாறித் தன் ஒப்பிப்பை மறந்துவிடும் என்பதைக் கண்டுகொண்ட ஷ்ரேபர், அதனைத் தம் தற்காப்பாக்கிக் கொண்டார். இயைபும் எதுகையும் ஒரு நோயாளிக்குக் கேடயமாகிய வரலாறு இது. இத்தகைய செய்திகளை அவர் எழுதியிராவிட்டால் எந்த மருத்துவக் குறிப்பிலும் அவை இடம்பெற்றிரா.

கிரெப்பலினும் சாவகத் தீவும்

ஷ்ரேபரின் நூல் வெளிவந்த காலத்தில் ஜெர்மானிய மனநோய் மருத்துவத்தின் பெருந்தலைவராக விளங்கியவர் எமில் கிரெப்பலின். இன்று மனச்சிதைவு எனப்படும் நோயை 'முன்முதிர் அறிவழிவு' என்னும் பொருள்படும் பெயரால் தனிநோயாக வகுத்தவர் அவரே. நோயின் தொடக்கம், போக்கு, முடிவு ஆகியவற்றை ஆயிரக்கணக்கான குறிப்பட்டைகளில் பதிந்து வகைப்படுத்தியது அவருடைய முறை. குரல் உண்டா இல்லையா என்பதும், அது வசைமொழியா ஏவல்மொழியா என்பதும் அவ்வட்டைகளிலும் நூல்களிலும் இடம்பெற்றன. ஆயினும் குரல் சொன்னதற்கு நோயாளியின் வாழ்வில் பொருள் உண்டா என்பது அவருடைய ஆய்வுக்குப் புறத்தே நின்றது.

1904ஆம் ஆண்டில் கிரெப்பலின் சாவகத் தீவின் பைட்டன்சோர்க் மனநோய் விடுதிக்குச் சென்று, சிறிது காலம் தங்கி, அங்குள்ள நோயாளிகளை ஐரோப்பிய நோயாளிகளுடன் ஒப்பிட்டார். சாவகத்தவரிடையே குரல் கேட்டல் குறைவு என்று கண்டார். அதற்கு அவர் கற்பித்த காரணம், அம்மக்களின் சிந்தனையில் பேச்சுக்கு உள்ள இடம் ஐரோப்பியரிடத்து உள்ளதைவிடக் குறைவு என்பதாகும். சாவக மொழியோ உயர்வு, நடு, இழிவு என அடுக்கடுக்கான மதிப்பு வழக்குகளைக் கொண்டது. யாரிடம் எச்சொல்லை ஆளவேண்டும் என்பதில் மிகுந்த கட்டுப்பாடு உடையது. அம்மொழி பேசுவோருக்குப் பேச்சு பெரிதன்று என்று குறுகிய காலமே தங்கிய ஒருவர் துணிந்தது, அக்கால ஐரோப்பிய அறிவாளரின் இனச்செருக்கிற்கு நல்ல சான்று. குரல் குறைவாகக் கேட்டதா, அல்லது வந்தவரிடம் குறைவாகச் சொல்லப்பட்டதா என்னும் ஐயம் அவருக்கு எழவில்லை. இதே கிரெப்பலின், கனவில் தாம் பேசிய பொருளற்ற தொடர்களைப் பல ஆண்டுகள் எழுதிவைத்து 1906இல் தனிநூலாகவே வெளியிட்டார். தம் கனவுப் பேச்சுக்குக் காட்டிய பொறுமையை அவர் சாவகத்தவரின் பேச்சுக்குக் காட்டவில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆய்கன் பிளாய்லர் வேறு வழியில் நடந்தார். 1908இல் 'மனச்சிதைவு' என்னும் பொருளுடைய புதுப்பெயரை முன்மொழிந்து 1911இல் அதுபற்றிப் பெருநூல் எழுதியவர் அவர். குரல் கேட்டலை அவர் நோயின் அடிப்படைக் கூறாகக் கொள்ளாமல் சார்பு அறிகுறியாகவே கொண்டார். ஆனால் அதன் பொருளை அறிய முயன்றார். அவரிடம் பணியாற்றிய யுங், 1907இல் வெளியிட்ட நூலில், தையற்பணி செய்துவந்த முதிய பெண்ணொருவரின் குரல்களை நெடிது ஆராய்ந்தார். அக்குரல்களுள் ஒன்றை அப்பெண் 'தொலைபேசி' என்று அழைத்தார். அவர் தம்மைப் பேரரசியென்றும் உலகின் உரிமையாளர் என்றும் கூறும்போதெல்லாம் அந்தத் தொலைபேசி இடையிட்டு எள்ளி நகையாடும். மருத்துவர் வீண்வேலை செய்வதாகவும் சொல்லும். நோயின் குரல் என்று கருதப்பட்டதே அப்பெண்ணிடம் எஞ்சியிருந்த நல்லறிவின் குரலாக இருந்தது என்பதை யுங் உணர்ந்தார். இம்மரபு பின்னர் மருத்துவமனைகளில் வேரூன்றவில்லை.

படர்க்கை என்னும் அளவுகோல்

ஹைடல்பெர்கு மருத்துவர் குர்ட் ஷ்னைடர் 1939இல் சிறு வெளியீடாகவும், 1950இல் விரிவாகவும் 'முதல்தர அறிகுறிகள்' என்னும் கோட்பாட்டை வகுத்தார். மூளையில் வெளிப்படையான நோய் இல்லாதபோது இவற்றுள் ஒன்று காணப்படினும் மனச்சிதைவு எனத் துணியலாம் என்பது அதன் கருத்து. அவ்வறிகுறிகளுள் மூன்று குரலைப் பற்றியன: தன் எண்ணமே உரத்த ஒலியாகக் கேட்டல்; குரல்கள் ஒன்றோடொன்று வாதிட்டு உரையாடுதல்; நோயாளி செய்வதை உடனுக்குடன் ஒரு குரல் விவரித்தல். ஆங்கில வழிப் பயிற்சியில் இக்கோட்பாடு புகுந்தபோது, உரையாடும் குரல்கள் நோயாளியைப் படர்க்கையில் சுட்டவேண்டும் என்னும் வரையறை உறுதிப்பட்டது. 'நீ எழு' என்பது மனச்சிதைவில் மட்டுமன்றி வேறு நோய்களிலும் வரலாம். 'அவன் எழுகிறான்' என்பதோ மனச்சிதைவுக்குரியது என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

இலக்கணத்தின் மூவிடப் பாகுபாடு மருத்துவத்தில் நோயறியும் கருவியாகிய விந்தை இது. 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு இதற்குத் தனிச்சிறப்பு அளித்தது. 1994இன் நான்காம் கையேட்டின்படி, பொதுவாக இரண்டு அறிகுறிகள் வேண்டும். குரல் ஒன்று விடாது விவரித்தாலோ, இரு குரல்கள் தமக்குள் உரையாடினாலோ அவ்வொன்றே போதும். பிற நோயுடையோரிடமும் இவ்வகைக் குரல்கள் காணப்படுவது தெரியவந்ததால், 2013இன் ஐந்தாம் கையேடு இச்சலுகையை நீக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேரின் நோய்ப்பெயர் ஒரு வினைமுற்றின் இடத்தைப் பொறுத்துத் தீர்மானிக்கப்பட்டது எனலாம்.

இவ்வளவுகோல் ஐரோப்பிய மொழிகளில் உருவானது. அதனைத் தமிழில் வைத்துப் பார்க்கும்போது எழும் செய்திகள் பல. தமிழில் படர்க்கை என்பது ஒன்றன்று. 'வருகிறான்', 'வருகிறாள்', 'வருகிறார்', 'வருகிறது' என நான்கு வடிவங்கள் உள. நான்கும் நான்கு உறவுநிலைகளைக் காட்டுவன. ஒருவரைப் பற்றி இரு குரல்கள் பேசும்போது 'அது சாப்பிடுகிறது' என்றால் அதில் இழிவும் இருக்கலாம், குழந்தையைச் சுட்டும் பரிவும் இருக்கலாம். முன்னிலையும் அவ்வாறே. 'வா', 'வாருங்கள்', 'வாடா', 'வாடி' ஆகிய நான்கும் ஒரே அழைப்புதான். ஆயினும் அழைப்பவர் மூத்தவரா இளையவரா, நெருங்கியவரா அயலவரா, அழைக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதனை அச்சொல்லே அறிவிக்கும். பேசும் குரலின் உரிமையாளர் பெயர் தெரியாவிடினும் அவருடைய தகுதியைத் தமிழ் வினை காட்டிவிடும். 'கட்டளைக் குரல்: உண்டு' என்று நோய்க்குறிப்பில் எழுதப்படும்போது இவையனைத்தும் உதிர்ந்துபோகின்றன. இந்திய மருத்துவமனைகளில் நோய்க்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன என்பதும் நினையத்தக்கது. ரூவான் நகரத்து எழுத்தராவது முதலில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டு பின்னரே இலத்தீனுக்குப் பெயர்த்தார்.

கேட்டலும் ஏவலும்

தமிழ்ச் சமூகத்தில் குரல் கேட்டலுக்கு நோய் என்னும் பொருள் மட்டுமே இருந்ததில்லை. சங்க இலக்கியங்கள் கூறும் 'விரிச்சி' இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், தலைவன் திரும்பி வருவானா என்று அறிய விழையும் முதுபெண்டிர் ஊரின் புறத்தே சென்று, நெல்லும் மலரும் தூவித் தொழுது நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆய்மகள் ஒருத்தி, பசியால் வருந்தும் கன்றிடம் அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று ஆறுதல் கூறுவது அவர்கள் காதில் விழுகிறது. கன்றுக்குச் சொன்ன சொல்லைத் தமக்குச் சொன்னதாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். தொல்காப்பியமும் வெட்சித்திணையில் விரிச்சியைக் குறிப்பிடுகிறது. தொடர்பில்லாதவர் பேசும் சொல் தன்னைக் குறித்ததே என்று கொள்ளுதல் இன்று மனச்சிதைவின் அறிகுறிகளுள் ஒன்றாக எண்ணப்படும். ஆனால் விரிச்சி என்பது பலர் கூடித் தேடிச்சென்று கேட்பது; இடமும் பொழுதும் உடையது; கேட்டபின் வீடு திரும்பிவிடலாம். நோயாளியின் குரல் அவரைத் தேடி வருவது. அவருடன் வேறெவரும் அதனைக் கேட்பதில்லை. திரும்பிச் செல்ல வீடும் இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றெனக் கூறுவது இலக்கியத்திற்கும் அறமன்று, நோயாளிக்கும் அறமன்று.

சொற்களும் சில செய்திகளைத் தருகின்றன. 'கேள்' என்னும் வினை செவிப்படுதலையும், வினவுதலையும், சொற்படி நடத்தலையும் குறிக்கும். பெயராக வருங்கால் அதுவே உறவினரைக் குறிக்கும். 'கேளிர்' என்பது அதன் வழிவந்தது. இலத்தீனிலும் பணிதலைக் குறிக்கும் சொல் கேட்டலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. 'ஏவல்' என்பது இலக்கணத்தில் கட்டளை வினை. ஊர்வழக்கில் பகைவர் மந்திரத்தால் அனுப்பும் தீங்கு. கட்டளையிடும் குரல் கேட்கத் தொடங்கிய மகனையோ மகளையோ குடும்பத்தார் முதலில் 'ஏவல்' எடுக்கும் இடத்திற்கு அழைத்துச் செல்வது அறியாமை என்று மட்டும் தள்ளத்தக்கதன்று. அது அவர்கள் மொழி காட்டும் வழி. அவ்வழி எங்குக் கொண்டுசேர்க்கும் என்பது வேறு வினா. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. பின்னர் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது.

சென்னையில் கேட்ட குரல்கள்

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961முதல் வகித்தவரும், இந்தியாவின் முதற்பெண் மனநோய் மருத்துவர் எனப் போற்றப்படுபவருமான சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சென்னையில் நிறுவினார். குரல்கள் என்ன சொல்கின்றன என்னும் வினாவை மீண்டும் எழுப்பிய ஆய்வு ஒன்று இந்நிறுவனத்தின் துணையுடன் நடந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டான்யா லுர்மன், சென்னை மருத்துவர் பத்மாவதி முதலியோர் இணைந்து கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் ஆக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில், இடத்திற்கு 20 பேராக 60 நோயாளிகளிடம் உரையாடினர். ஆய்வு 2014இல் இணையத்திலும் 2015இல் பிரிட்டிஷ் மனநோய் மருத்துவ இதழிலும் வெளிவந்தது.

அமெரிக்க நோயாளிகள் தம் குரல்களைப் பெரிதும் வன்முறையும் அச்சுறுத்தலும் நிறைந்தனவாக, அறிமுகமற்றோரின் அத்துமீறலாக, மூளைநோயின் வெளிப்பாடாக விவரித்தனர். கானாவில் பலருக்குக் குரல் கடவுளுடையது. பாதிப்பேர் அதனை நன்மை தருவதாகவே கூறினர். சென்னையில் 20 பேருள் 11 பேர் கேட்டது உறவினரின் குரலை: பெற்றோர், மாமியார், நாத்தனார், உடன்பிறந்தோர். அக்குரல்கள் குளிக்கச் சொல்லின, சமைக்கச் சொல்லின, கடிந்துகொண்டன, அறிவுரையும் கூறின. சிலருக்கு அவை விளையாட்டுத் துணையாகவும் இருந்தன. வன்முறையைவிடப் பாலியல் பேச்சே சென்னையில் நோயாளிகளை நாணச்செய்து வருத்தியது.

இவ்வாய்வு வெளிவந்தபின், இந்தியரின் குரல்கள் கனிவானவை என்றும், குடும்ப அமைப்பின் மேன்மைக்கு இது சான்று என்றும் பலர் மகிழ்ந்து எழுதினர். அம்மகிழ்ச்சி ஏற்கத்தக்கதன்று. இருபது பேரைக் கொண்டு ஒரு நாட்டின் பண்பாட்டுக்குச் சான்றிதழ் வழங்க இயலாது. ஆய்வாளரும் அவ்வாறு வழங்கவில்லை. மேலும், 'சமையலறைக்குப் போ' என்று ஓயாமல் ஏவும் மாமியாரின் குரலைக் கனிவு என்று கொள்ளலாமா என்பதை அக்குரலைக் கேட்கும் மருமகளிடம்தான் வினவவேண்டும். வாழ்வில் யார் ஏவும் தகுதி பெற்றிருந்தனரோ அவர்களே குரலிலும் ஏவுகின்றனர். அதேவேளையில், அறிந்தவர் குரலோடு வாதாடலாம், கெஞ்சலாம், சினக்கலாம், சிலபோது கேளாதது போலவும் இருக்கலாம். உறவுமுறை அதற்கு இடந்தரும். அறியாதவர் குரலிடம் அது இயலாது. இவ்வாய்வின் மெய்யான பயன் இதுவே. குரல் தோன்றுவதற்கு மூளையின் இயக்கம் காரணமாக இருக்கலாம். குரல் கேட்கும் நேரத்தில், பேச்சை உருவாக்கும் பகுதியாகிய பிரோக்கா பகுதி கூடுதலாக இயங்குவதை 1993இல் இலண்டன் மருத்துவர் படம்பிடித்துக் காட்டினர். ஆனால் பேசுபவர் மாமியாரா அயலவரா என்பதை அப்படம் காட்டாது.

யார் பேசுகிறார் என்று மீண்டும் வினவியோர்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரியஸ் ரோம் என்னும் மருத்துவரிடம் வந்த பெண்மணி ஒருவருக்கு மருந்துகளால் குரல் அடங்கவில்லை. இறந்துவிடவேண்டும் என்னும் எண்ணம் அவரை வாட்டியது. அந்நிலையில் ஜூலியன் ஜெய்ன்ஸ் 1976இல் எழுதிய நூல் அவருக்குக் கிடைத்தது. ஹோமரின் காவிய மாந்தர் உண்மையிலேயே தெய்வக்குரல்களைக் கேட்டு நடந்தனர் என்பது அந்நூலின் கொள்கை. வரலாற்றறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். ஆயினும், 'நீங்கள் காணாத கடவுளை நம்புகிறீர்கள். நான் கேட்கும் குரலை நம்ப மறுப்பதேன்' என்னும் பொருள்பட அப்பெண் தம் மருத்துவரை வினவும் துணிவை அந்நூல் அளித்தது. 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினர். ஏறத்தாழ 700 பேர் தொடர்புகொண்டனர். அவர்களுள் 450 பேர் குரல் கேட்பவர்கள். மனநோய் மருத்துவரை ஒருமுறையும் நாடாமல் குரலுடன் இயல்பாக வாழ்வோர் பலர் அவர்களிடையே இருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 31இல் உட்ரெக்ட் நகரில் அவர்கள் கூடினர். பின்னர்ப் பல நாடுகளில் பரவிய குரல் கேட்போர் இயக்கத்திற்கு இதுவே தொடக்கம்.

ரோமும் சாண்ட்ரா எஷரும் உருவாக்கிய நேர்காணல் முறை, குரல் எத்தனை, அவற்றின் பெயர், அகவை, பால் யாவை, முதலில் எப்போது கேட்டது, அப்போது வாழ்வில் நடந்தது என்ன, எச்சொற்களைச் சொல்கின்றன என்று படிப்படியாக வினவும். இலண்டனில் ஜூலியன் லெஃப் 2008அளவில் தொடங்கிய மற்றொரு முறையில், நோயாளி தம் குரலுக்குரிய முகத்தையும் ஒலியையும் கணிப்பொறியில் தாமே அமைக்கிறார். மருத்துவர் அம்முகத்தின் வழியே குரலாகப் பேச, நோயாளி எதிர்த்து விடைகூறப் பழகுகிறார். 150 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2018இல் வெளிவந்தது. 12 வாரங்களில் குரல்களின் கடுமை மற்றைப் பிரிவினரைவிட இவர்களிடம் மிகுதியாகக் குறைந்திருந்தது. மருத்துவர் குரலாகப் பேசவேண்டுமாயின், குரல் எச்சொல்லைச் சொல்கிறது என்று அவர் முதலில் அறிந்தாக வேண்டும். சொல்லின் பொருளன்று, சொல்லையே அறியவேண்டும். ஆங்கிலத்தில் அவருக்கு ஒரே ஒரு முன்னிலை போதும். தமிழில் அம்முகம் வாய்திறக்குமுன், தன்முன் அமர்ந்திருப்பவரை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா, 'வா' என்பதா 'வாடி' என்பதா என்று அவரிடமே கேட்டறிய வேண்டியிருக்கும்.